காற்றாலைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே

இன்று சந்தையில் உள்ள பெரிய காற்றாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோபுரம் 140 மீட்டர். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 160 மீட்டர். ஓர் இறக்கை நேர் மேலே நிமிரும்போது அதன் நுனி 220 மீட்டரைத் தொடும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இதை ஒரு வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும்? ஜெர்மனியின் பவேரியாவில் 2014 இறுதியில் கேட்டிருந்தால் 2,200 மீட்டர் என்றிருப்பார்கள். டென்மார்க்கில் 880. போலந்தில், உள்ளூர்த் திட்டம் ஒப்புக்கொண்டால், 700. கனடாவின் ஒன்டாரியோவில் கணக்கு 550-லிருந்து தொடங்கும். பிரான்சில் 500. அமெரிக்காவின் இல்லினாய்ஸ், மிச்சிகன் மாநிலச் சட்டங்களின்படி 462. இந்தியாவில் மத்திய அரசின் வழிகாட்டுதல் குடியிருப்புக்கு 500 என்கிறது. சாலை, ரயில் பாதை, கட்டடம், உயர் அழுத்த மின்பாதை ஆகியவற்றுக்கு 225.

காது எல்லா நாட்டிலும் ஒரே காதுதான். கோபுரம் சாய்ந்தால் எட்டும் தூரமும் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. ஆனாலும் வீட்டுக்கான சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். இந்த எண்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்குத் தோன்றுவது இது: முதல் சில நூறு மீட்டர்களைப் பொறியியலும் ஒலியியலும் தருகின்றன, அதற்கு மேல் இருப்பதெல்லாம் பேரம். அந்தப் பேரத்திலும் எத்தனை மீட்டர் என்ற கேள்வியைவிட, எங்கிருந்து அளப்பது, யார் விட்டுக்கொடுக்கலாம், விட்டுக்கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்றும் பெரியவை. ஊர்க் கூட்டங்களில் சண்டை நடப்பது என்னவோ மீட்டரைப் பிடித்துக்கொண்டுதான்.

இயந்திரம் கேட்கும் தூரம்

விழுவதற்கான கணக்கு எளிது. கோபுரம் அடியோடு சாய்ந்தாலும் நுனி உயரத்தைத் தாண்டி எட்டாது. உயரத்தைப் போல 1.1 மடங்கு என்று பல ஊர்களில் விதி வைத்திருப்பது இதனால்தான். இந்தியச் சூத்திரமும் இதன் உடன்பிறப்பு: கோபுர உயரம், சுழல்வட்ட விட்டத்தில் பாதி, அதற்கு மேல் 5 மீட்டர். முறிந்த இறக்கைத் துண்டு இதைத் தாண்டிப் பறப்பதுண்டு, ஆனால் அது அரிது. குளிர்நாடுகளில் இறக்கையில் படியும் பனிக்கட்டி கழன்று வீசப்படும். அதற்கென்று கோபுர உயரத்தையும் விட்டத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்கும் ஒரு கைக்கணக்கு இருக்கிறது. நம் இயந்திரத்துக்கு அது 450 மீட்டர். தமிழ்நாட்டின் ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

நிழல் வேறு வகை. காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலில் சுழலும் இறக்கையின் நிழல் ஜன்னல் வழியே உள்ளே வந்து, ஒரு நொடி இருட்டு, ஒரு நொடி வெளிச்சம் என்று சுவரில் அடிக்கும். பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ஜெர்மனியில் ஒரு வீட்டில் இது ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம் என்ற உச்சக் கணக்கைத் தாண்டக்கூடாது. தாண்டும் என்றால் அந்த நேரத்தில் இயந்திரமே தானாக நிற்க வேண்டும். மிச்சிகனின் புதிய சட்டமும் ஆண்டுக்கு 30 மணி நேரம் என்கிறது. கவனிக்க வேண்டியது, இந்த நிழல் வட்டமாக விழுவதில்லை. தென்தமிழகம் போல நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் சூரியன் செங்குத்தாக ஏறி இறங்குவதால், தொல்லை கிழக்கிலும் மேற்கிலும் உள்ள வீடுகளுக்குத்தான். நேர் தெற்கில் 500 மீட்டரில் இருக்கும் வீட்டில் நிழலே விழாது. மேற்கில் ஒரு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டில் விழலாம். இயந்திரத்தைச் சுற்றிக் காம்பஸால் போடும் வட்டம் இங்கே உதவாது.

உண்மையான வழக்கு ஒலியில் இருக்கிறது. பெரிய காற்றாலை ஒன்றின் ஒலித்திறன் 105 டெசிபல் அளவில் இருக்கும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 500 மீட்டரில் 40 டெசிபலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்டாரியோவின் 550 மீட்டர் இப்படித்தான் பிறந்தது: இரவில் வீட்டு வாசலில் 40 டெசிபல் என்ற வரம்பிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். இயந்திரங்களின் எண்ணிக்கையும் ஒலித்திறனும் கூடினால் தூரமும் கூடும்.

40 டெசிபல் என்பது சத்தமே இல்லையே, குளிர்சாதனப் பெட்டி போடும் இரைச்சல்தானே என்று நிறுவனத்தார் கூட்டங்களில் சொல்வார்கள். எண் சரி. ஆனால் குளிர்சாதனப் பெட்டி ஒரே சீராக உறுமும். காற்றாலை ஒவ்வொரு இறக்கை இறங்கும்போதும் ‘விஷ், விஷ்’ என்று ஏறி இறங்கும். தாளம் உள்ள சத்தத்திலிருந்து காது விலகிக்கொள்வது கடினம். இரவு இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஜெர்மனி–நெதர்லாந்து எல்லையில் உள்ள ரேடே காற்றாலைப் பண்ணையை ஆராய்ந்த ஃபிரிட்ஸ் வான் டென் பெர்க் 2004-ல் இதைத் தெளிவாகக் காட்டினார். பகலில் தரைக்காற்றும் மேல்காற்றும் சேர்ந்தே வீசும். காற்றாலைச் சத்தத்தை மரங்களின் சலசலப்பு மறைத்துவிடும். தெளிந்த இரவில் தரையில் காற்று அடங்கிவிடும், நூறு மீட்டர் உயரத்தில் மட்டும் பலமாக வீசிக்கொண்டிருக்கும். கீழே ஓர் இலை அசையாது, மேலே இயந்திரம் முழுவேகத்தில் சுற்றும். தரையிலிருந்து 10 மீட்டரில் அளந்த காற்றை வைத்துப் போட்ட கணக்கைவிட ஒலி 15 டெசிபல் வரை கூடுதலாக இருந்தது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருந்தவர்களும் குறைசொன்னார்கள். ‘கற்பனை செய்கிறார்கள்’ என்று அதுவரை ஒதுக்கப்பட்ட ஊராருக்கு அளவுக்கருவி பரிந்து பேசிய சந்தர்ப்பம் அது.

டென்மார்க் இதைப் பாடமாகவே எடுத்துக்கொண்டது. காற்று நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும்போது தனி வீட்டுக்கு 44 டெசிபல், 6 மீட்டர் வேகத்தில் 42. குடியிருப்புப் பகுதிக்கு 39, 37. தாழ்ந்த அதிர்வெண் ஒலிக்கு, வீட்டுக்குள் 20 டெசிபல் என்று 2012 முதல் தனி வரம்பும் உண்டு. உயரத்தைப் போல நான்கு மடங்கு தள்ளி வைக்க வேண்டும் என்ற விதி இதற்கு மேல் ஒரு காப்பு மட்டுமே.

சுவரா, வரப்பா?

வீடு கட்ட பிளான் அப்ரூவல் வாங்கியவர்களுக்கு செட்பேக் என்ன பாடு படுத்தும் என்று தெரியும். மூன்றடியா ஐந்தடியா என்பதோடு எந்தக் கோட்டிலிருந்து அளப்பது என்பதும் சேர்ந்துதான் வீட்டின் அளவைத் தீர்மானிக்கும். காற்றாலையில் இதன் முழு வீரியத்தையும் காண வேண்டுமானால் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்குப் போக வேண்டும்.

அங்கே 2014 வரை இருந்த விதி, இறக்கை நுனியிலிருந்து அடுத்தவர் வீட்டுச் சுவர் வரையான தூரத்தைப் பற்றியது. அந்த ஆண்டு ஜூனில், நிதிச் சீராய்வுக்கென்று வந்த ஒரு பெரிய மசோதாவுக்குள் ஒரு சிறு திருத்தம் செருகப்பட்டது. காற்றாலைக்கென்று தனி விசாரணையோ பொதுக் கருத்துக் கேட்போ இல்லை. தூரம் 1,125 அடி. அதைவிட முக்கியமாக, அளவு முடியும் இடம் வீட்டுச் சுவரிலிருந்து நில எல்லைக்கு மாறியது. நாளிதழ் படித்த சாதாரண வாசகருக்கு இது ஏதோ சில நூறு அடி வித்தியாசமாகத் தெரிந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,125 அடி என்றால் 343 மீட்டர். 100 மீட்டர் விட்டமுள்ள இயந்திரத்தில் இறக்கை கோபுரத்திலிருந்து 50 மீட்டர் வெளியே நீளும். ஆக, கோபுரத்தின் அடியிலிருந்து நில எல்லை வரை 393 மீட்டர் வேண்டும். அமெரிக்க நடுமேற்கில் நிலம் சதுர மைல்களாக அளந்து பிரிக்கப்பட்டது. ஒரு சதுர மைல் 640 ஏக்கர், அதில் கால் பங்கு 160 ஏக்கர். இந்தக் கால் பங்கின் பக்கம் 805 மீட்டர். இரண்டு பக்கமும் 393 விட்டால் 786. அதாவது 160 ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி தன் நிலத்தின் நட்டநடுவில், ஏறக்குறைய ஒரு பெரிய மண்டபம் அளவுள்ள இடத்தில் மட்டும் ஒரே ஓர் இயந்திரம் வைக்கலாம். 80 ஏக்கர்காரர் வைக்கவே முடியாது. அவர் நிலத்தின் அகலமே 402 மீட்டர். பக்கத்து நிலத்தில் வீடு இருக்கிறதா, வெறும் சோளக்கொல்லையா என்பதெல்லாம் பொருட்டில்லை. அதே மாநிலத்தில் 2012-ல் இயங்கத் தொடங்கிய புளூ கிரீக் பண்ணையின் 152 இயந்திரங்களில் பெரும்பாலானவை இந்த விதி முன்பே இருந்திருந்தால் எழுந்திருக்காது.

விலக்கு வாங்க வழி இருந்தது. ஆனால் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் போயிற்று. வரப்பிலிருந்து அளப்பதை ஆதரித்தவர்கள் சொன்ன வாதமும் லேசானதல்ல: நாளை என் நிலத்தின் ஓரத்தில் நான் வீடு கட்ட நினைத்தால் என்ன ஆவது? சுவரிலிருந்து அளந்தால், பக்கத்து நிலத்துக்காரர் தன் பாதுகாப்பு வளையத்துக்கு என் நிலத்தை வாடகை தராமல் எடுத்துக்கொள்கிறார் அல்லவா? நியாயமான கேள்வி. அதற்கு ஈடு, ஓரத்து நிலத்துக்கும் ஒரு தொகை தருவது. ஆனால் ஒஹாயோ விதியின் விளைவு ஈடாக அமையவில்லை, பூட்டாக அமைந்தது. 2021-ல் வந்த இன்னொரு சட்டம் கவுன்ட்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்களுக்குத் தங்கள் எல்லைக்குள் பெரிய காற்றாலையையும் சூரியப் பண்ணையையும் முழுவதுமாகத் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. நிலக்கரிக்கோ எரிவாயுக்கோ அப்படி ஓர் அதிகாரத்தை அந்தச் சட்டம் தரவில்லை.

நடுமேற்கின் வேறு சில மாநிலங்கள் நேர் எதிர்த்திசையில் போயின. 2023 ஜனவரியில் இல்லினாய்ஸ், கவுன்ட்டிகள் இதைவிடக் கடுமையாக விதி போடக்கூடாது என்று சட்டம் செய்தது: திட்டத்தில் சேராதவர் வீட்டுச் சுவருக்கு உயரத்தைப் போல 2.1 மடங்கு, நில எல்லைக்கு 1.1 மடங்கு. மிச்சிகன் அதே ஆண்டு இயற்றிய சட்டம் 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அளவுகள் ஏறக்குறைய இவையே, ஒலிக்கு 55 டெசிபல். தலைநகரில் உட்கார்ந்து எங்கள் ஊருக்கு அளவு போடுகிறார்கள் என்ற கோபம் அங்கே இன்னும் அடங்கவில்லை. என் பார்வையில் 2.1 மடங்கு நியாயமான எண். 55 டெசிபல் மிகத் தாராளம். விஸ்கான்சின் மாநிலம் 2012 முதல் இரவுக்கு 45 டெசிபலை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கவுன்ட்டி விதியும் சிறியதுதான். சேர்த்துப் பார்த்தால் வேறு கதை. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தார் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இருக்கும் விதிகளில் கடுமையானவை நாடு முழுவதும் பரவினால் காற்றாற்றலுக்கான வாய்ப்பில் 87 சதவீதம் வரை காணாமல் போகும்.

பத்து மடங்கு

பவேரியாவில் 2014 நவம்பரில் வந்த விதி, ஹார்ஸ்ட் சீஹோஃபர் முதல்வராக இருந்த காலத்தது. இயந்திரத்தின் உயரத்தைப் போல பத்து மடங்கு தூரம். ஏன் பத்து? எந்த ஒலி அளவீட்டிலிருந்தும் அது வரவில்லை. உயரம் இரட்டித்தால் ஒலி இரட்டிப்பதில்லை. புதிய உயர்ந்த இயந்திரங்கள் மெதுவாகவே சுற்றுகின்றன. பத்து என்பது கண்ணுக்கான எண். ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சிற்றூர்களின் தேவாலயக் கோபுரத்துக்கு மேலே எதுவும் எழக்கூடாது என்ற மனக்குறைக்கு வைத்த கணக்கு. அந்த மனக்குறையை நான் ஏளனம் செய்யவில்லை. நம் ஊர் மலைமேல் செல்போன் கோபுரம் எழும்போது நமக்கும் அது வருகிறது. ஆனால் அழகுக்கான விதியை உடல்நலத்துக்கான விதி போல உடுத்திவிட்டால், அதை விவாதிக்கவே வழி இல்லாமல் போகிறது.

2,200 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 15 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஓர் ஊர்க் குடியிருப்பு இருந்தால் இயந்திரத்துக்கு இடமில்லை. சிற்றூர்கள் நெருங்கிக் கிடக்கும் பவேரியாவில் அப்படி வெற்றிடம் எங்கே? 2016 மே மாதம் மாநில அரசியலமைப்பு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. புதிய விண்ணப்பங்கள் வறண்டன. சட்டத்தில் ஒரு கதவு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: உள்ளாட்சி மன்றம் விரும்பினால் தன் திட்ட வரைவின் மூலம் குறைந்த தூரத்தை அனுமதிக்கலாம். சில ஊர்கள் அந்தக் கதவைத் திறந்தன. பெரும்பாலானவை திறக்கவில்லை, ஊர்த் தலைவர் எவரும் தன் ஊரில் தானே பகை தேடிக்கொள்ள மாட்டார்.

பிறகு 2022-ல் ரஷ்ய எரிவாயு நின்றது. நாட்டின் நிலப்பரப்பில் 2 சதவீதத்தை 2032-க்குள் காற்றுக்கு ஒதுக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் வந்தது. பவேரியாவின் பங்கு 1.8 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் காடுகள், நெடுஞ்சாலை ஓரங்கள் போன்ற இடங்களுக்கு 1,000 மீட்டர் போதும் என்று பவேரியா இறங்கிவந்தது. இப்போது ஜெர்மன் கட்டடச் சட்டம், இயந்திரம் வீட்டை ‘அமுக்குவது போல’ கண்ணுக்குத் தெரியும் என்ற வாதத்துக்கு, உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி இருந்தால் பொதுவாக இடமில்லை என்கிறது. எட்டு ஆண்டுகளில் மனிதக் கண் மாறிவிடவில்லை. மின்சாரத்தின் விலை மாறியது.

போலந்து அதே பத்து மடங்கை 2016-ல் எடுத்துக்கொண்டது. புதிய திட்டங்கள் உறைந்தன. 2023-ல் விதியைத் தளர்த்தியபோது அரசு கொண்டுவந்தது 500 மீட்டர். நாடாளுமன்றத்தில் அது 700 ஆனது. 200 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒலியியல் நூல்களில் விடை இருக்காது, வாக்கெடுப்பில்தான் இருக்கும். 2025-ல் மறுபடி 500-க்கு இறக்க நாடாளுமன்றம் ஒப்பியது. ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் கரோல் நவ்ரோட்ஸ்கி மறுப்பாணை போட்டார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2011-ல் இரண்டு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும் என்றது, ஆட்சி மாறியதும் 2015-ல் ஒரு கிலோமீட்டர் ஆக்கியது. இந்த வரிசையில் இன்னும் பல இடங்கள் உண்டு, கதை ஒன்றுதான்.

நோயா, எரிச்சலா?

2009-ல் நைனா பியர்பான்ட் என்ற அமெரிக்க மருத்துவர் ‘காற்றாலை நோய்க்குறி’ என்று பெயர் வைத்து ஒரு புத்தகம் எழுதினார். தலைசுற்றல், தூக்கமின்மை, காதிரைச்சல் எல்லாவற்றுக்கும் காதுக்கு எட்டாத தாழொலி காரணம் என்றார். அவர் ஆதாரம் ஒரு சில குடும்பங்களோடு நடத்திய உரையாடல். அதற்குப் பிறகு நடந்த பெரிய ஆய்வுகள் வேறு சொல்கின்றன. ஹெல்த் கனடா 1,238 வீடுகளில் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒலி அளவுக்கும் நோய்க்கும், தூக்கத்துக்கும், மன அழுத்தத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. எரிச்சலுக்கும் ஒலிக்கும் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. சிட்னியில் 37 பேரை 72 மணி நேரம் ஆய்வகத்தில் தாழொலிக்கு உட்படுத்திப் பார்த்து 2023-ல் வெளியான சோதனையிலும் பாதிப்பு காணவில்லை. டென்மார்க்கின் நாடு தழுவிய ஆய்வு 2019-ல் ஒரு சிறு மணியை அடித்தது: வீட்டுக்கு வெளியே இரவு ஒலி 42 டெசிபலும் அதற்கு மேலும் இருந்த இடங்களில், குறிப்பாக 65 வயதைக் கடந்தவர்களிடம், தூக்க மருந்தும் மனச்சோர்வு மருந்தும் சற்றுக் கூடுதலாக வாங்கப்பட்டிருந்தன.

உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் 45 டெசிபல் என்று ஒரு நாள்முழுச் சராசரியைப் பரிந்துரைத்தது. அதையும் உறுதியாக அல்ல, நிபந்தனையோடு. இரவுக்கென்று எண் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. ஆக, இரண்டு கிலோமீட்டரில் நோய் வரும் என்பவரும் தவறு, 400 மீட்டரில் ஒன்றுமே இல்லை என்பவரும் தவறு.

எரிச்சலைப் பற்றிய மிகச் சுவையான கண்டுபிடிப்பு நெதர்லாந்தில் கிடைத்தது. காற்றாலைகளுக்கு அருகில் வாழும் 725 பேரிடம் கேட்ட ஆய்வு அது. காற்றாலையிலிருந்து வருமானம் பெறுகிறவர்கள் மற்றவர்களைவிட அதிகச் சத்தத்தில் வாழ்ந்தார்கள், மற்றவர்களைப் போலவே அதைக் கேட்டார்கள். ஆனால் எரிச்சல் மட்டும் ஏறக்குறைய இல்லை. பணம் வாங்கியவருக்குக் காது மந்தம் என்று இதை ஏளனமாகவும் படிக்கலாம். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். அவர்களிடம் யாரோ வந்து கேட்டிருக்கிறார்கள், கூடாது என்று சொல்லும் வாய்ப்பு இருந்திருக்கிறது, இயந்திரம் அவர்களுடையது. மற்றவர்களுக்கு அது ஊராருடைய இயந்திரம், தங்கள் வானத்தில்.

டென்மார்க் இதை 2009-லேயே சட்டமாக்கியது. திட்டத்தின் 20 சதவீதப் பங்கை முதலில் 4.5 கிலோமீட்டருக்குள் வாழ்பவர்களுக்கு விலைக்குக் கொடுத்தாக வேண்டும். வீட்டு மதிப்பு குறைந்தால் ஈடு. பங்கு வாங்கப் பணம் உள்ளவர்களே வாங்கினார்கள் என்ற குறை எழுந்தது. 2020-ல் அதை மாற்றி, உயரத்தைப் போல எட்டு மடங்குக்குள் இருக்கும் வீடுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையும், ஆறு மடங்குக்குள் இருப்பவர்களுக்கு வீட்டையே நிறுவனத்துக்கு விற்றுவிட்டுப் போகும் உரிமையும் கொடுத்தார்கள். இந்த இரண்டாவது உரிமைதான் எனக்கு மிகப் பிடித்தது. ‘உங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது’ என்று சொல்லும் நிறுவனம் அந்தச் சொல்லுக்குப் பிணை வைக்க வேண்டியிருக்கிறது.

பணம் கொடுக்காமல், கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதை ஒன்டாரியோ காட்டியது. 2009-ன் பசுமை ஆற்றல் சட்டம் 550 மீட்டரை வைத்துவிட்டு ஊராட்சிகளின் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டது. காற்றாலைத் திட்டங்களை ஒட்டிய வாக்குச்சாவடிகளில் ஆளுங்கட்சி 4 முதல் 10 சதவீதம் வரை வாக்கை இழந்தது என்று அரசியல் ஆய்வாளர் லியா ஸ்டோக்ஸ் 2016-ல் கணக்குக் காட்டினார். 2018-ல் வந்த புதிய அரசு 758 புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஒப்பந்தங்களை ரத்துசெய்தது, அந்தச் சட்டத்தையே நீக்கியது. 550 மீட்டர் என்ற எண்ணில் பெரிய பிழை இல்லை. அது வந்த விதத்தில் இருந்தது.

முப்பந்தலில் யார் யாரைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்?

தமிழ்நாட்டின் காற்றாலைக் கதை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்குகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய நான்கு கணவாய்களிலும் தென்மேற்குக் காற்று பீறிட்டு வருவதால், தொண்ணூறுகளில் முப்பந்தலும் கயத்தாறும் உடுமலையும் இறக்கைகளால் நிறைந்தன. வருமான வரியில் கிடைத்த விரைவுத் தேய்மானச் சலுகைக்காகவும் சொந்த மில்லுக்கு மின்சாரத்துக்காகவும் கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைக்காரர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு என்று வாங்கினார்கள். 225, 250, 500 கிலோவாட் இயந்திரங்கள். கோபுரம் 30 முதல் 50 மீட்டர். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சில இயந்திரங்கள் சாலைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன என்று.

இங்கே ‘இடைவெளி’ என்று நெடுங்காலம் நடந்த வழக்கு வீட்டுக்கும் காற்றாலைக்கும் இடையே அல்ல. காற்றாலைக்கும் காற்றாலைக்கும் இடையே. ஓர் இயந்திரம் காற்றைப் பிடித்துச் சுற்றினால் அதன் பின்னால் கலங்கிய, வலுக்குறைந்த காற்றே மிஞ்சும். பின்னால் நிற்பவருக்கு யூனிட் குறையும். அதனால் சுழல்வட்ட விட்டத்தைப் போல ஒரு திசையில் 5 மடங்கும் மறு திசையில் 7 மடங்கும் விட வேண்டும் என்பது மின்வாரியத்தின் விதியாக இருந்தது. 50 மீட்டர் விட்டத்துக்கு அது 250 மீட்டருக்கு 350 மீட்டர், ஏறக்குறைய 22 ஏக்கர். நம் 160 மீட்டர் இயந்திரத்துக்கு அதே விதியைப் போட்டால் 221 ஏக்கர். முதலாளி முதலாளியின் காற்றைத் திருடக்கூடாது என்பதற்கு இவ்வளவு துல்லியமான விதி இருந்த காலத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் இரவு எத்தனை டெசிபல் விழலாம் என்பதற்குக் காற்றாலைக்கென்று தனி விதி எதுவும் இல்லை.

500 மீட்டர் என்பது 2016 அக்டோபரில் மத்தியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில்தான் வந்தது. பெயரே வழிகாட்டுதல். 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள் காற்றாலை இல்லை, ஆகவே அந்தச் சட்டம் கேட்கும் ஊர்க் கருத்துக் கேட்பும் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-ல் வகைப்படுத்தியபோது காற்றாலையை மாசே இல்லாத ‘வெள்ளை’ப் பட்டியலில் வைத்தது. எஞ்சியிருப்பது 2000-ஆம் ஆண்டின் பொதுவான ஒலி மாசு விதி: குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெசிபல். ஒலிபெருக்கிக்கும் பட்டாசுக்கும் நடுவே எழுதப்பட்ட விதி அது. ‘விஷ், விஷ்’ தாளத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அமெரிக்க விவசாயி நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார். ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் வருகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் நிலம் விலைக்கே வாங்கப்பட்டது. மானாவாரி நிலத்துக்கு ஒருமுறை விலை, இடையில் தரகர், பத்திரம் முடிந்ததும் உறவும் முடிந்தது. ஊருக்குள் புகார் எழுந்தபோதும் அது பெரும்பாலும் வண்டிப்பாதை அடைபட்டது, ஓடைப் புறம்போக்கு மறிக்கப்பட்டது என்ற வகையில்தான் எழுந்தது. சத்தம் தொல்லை இல்லை என்பதால் அல்ல. சத்தத்தைப் பற்றிச் சொன்னால் எந்த அலுவலகம் மனு வாங்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால்.

கடலுக்கு அப்பால், இலங்கையின் மன்னார் தீவில் நிலைமை வேறு. 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனிப் பண்ணையின் 30 இயந்திரங்கள் தீவின் தென்கரையில் நிற்கின்றன. அடுத்து வரவிருந்த அதானித் திட்டத்தை அந்த நிறுவனம் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறு புதிய இயந்திரங்களை எதிர்த்து ஊர் திரண்டபோது அரசு வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தது. அங்கே மக்கள் சொன்னது மழைநீர் வடிய வழியில்லை, மீன்பிடிக்கு இடைஞ்சல், வலசைப் பறவைகளின் பாதை என்று. மீட்டரில் அளக்கும் எந்த விதியும் இந்தக் குறைகளைத் தொடாது. சுவரிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைத்தாலும் வடிகாலை மறித்தால் மறித்ததுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இனிமேல்தான் வீட்டு வாசலுக்கு வரப்போகிறது. 2024-ல் மாநில அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை வெளியிட்டது. நாற்பது மீட்டர் கோபுரம் நின்ற இடங்களில் அதைப் போல மூன்று மடங்கு உயரமான கோபுரங்கள் எழும். காற்று நன்றாக வீசும் இடங்கள் அவைதாம், ஆகவே கொள்கை சரியானதே. ஆனால் இந்த முப்பது ஆண்டுகளில் ஊர்களும் வளர்ந்து இயந்திரங்களை நோக்கி வந்திருக்கின்றன. வழிகாட்டுதல் காற்றாலை நிறுத்துபவரைப் பார்த்துத்தான் பேசுகிறது; காற்றாலையை நோக்கி மனை போட்டு விற்பவரைப் பார்த்துப் பேசவில்லை. பழைய இயந்திரத்துக்கு 300 மீட்டரில் கட்டிய வீட்டுக்காரருக்குப் புதிய இயந்திரத்தின் மேல் என்ன உரிமை என்பதும் தெளிவில்லை.

500 மீட்டரை 600 ஆக்குவதா 800 ஆக்குவதா என்று நாமும் தொடங்கினால் போலந்தின் வழிதான். அதைவிட, 500-ஐக் கட்டாய விதியாக்கிவிட்டு, மூன்றைச் சேர்க்கலாம். இரவு ஒலிக்குக் காற்றாலைக்கென்று தனி வரம்பு. அருகில் உள்ள வீடுகளுக்கு, நிலம் விற்றார்களோ இல்லையோ, இயந்திரம் சுற்றும் காலம் முழுவதும் ஆண்டுத் தொகை. இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் ஆடியில், இரவு பத்து மணிக்கு மேல், மிக அருகில் உள்ள வீட்டு முற்றத்தில் கருவி வைத்து அளந்து, அந்தத் தாளை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கருவிகள் இருக்கின்றன. கயத்தாற்றில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமே இருக்கிறது. அனுப்பச் சொல்லி ஓர் உத்தரவு போதும்.